ஃபோர்ட்: வந்ததும் போனதும்

நுகேகொடையிலிருந்து தெல்கந்த, மகரகம நோக்கி ஹைலெவல் வீதியில் போகிறவர்கள் வழிநெடுக வாகன விற்பனை நிலையங்களைப் பார்க்கலாம். முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் டொயோட்டா, ஹொண்டா, சுசுகி. அமெரிக்க இலச்சினை தாங்கிய வாகனத்தைத் தேடினால் எங்காவது ஒரு மூலையில் ஃபோர்ட் ரேஞ்சர் டபிள் கெப் ஒன்று அகப்படலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குடும்பம் பழைய கார் வாங்கப் புறப்பட்டால் முதலில் எழும் கேள்விகள் இரண்டு: சாமான் கிடைக்குமா? திரும்ப விற்கப் போனால் விலை போகுமா? இரண்டுக்கும் ஃபோர்டிடம் இங்கே உறுதியான பதில் இல்லை. சாதாரண மனிதனுக்கும் கார் உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன கம்பனியின் பெயர், சாதாரண மனிதர்கள் கார் வாங்கும் ஒரு நகரத்தில் இப்படித் தயங்கி நிற்பதற்கு என்ன காரணம்?

ஃபோர்ட் செய்த கார்கள் எல்லாம் மோசம் என்பது பதிலாகாது. நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட அதன் வரலாற்றைப் புரட்டினால் தெரிவது வேறு. காரை விற்ற பிறகும் வாங்கியவரோடும் வேலையாளோடும் கூட நின்ற காலங்களில் இந்தக் கம்பனியின் பெயர் ஏறியிருக்கிறது. கைகழுவிவிட்டு நகர்ந்த காலங்களில் இறங்கியிருக்கிறது.

இலங்கையின் அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொழும்பு வீதிகளில் ஓடிய ஃபோர்ட் கார்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை அல்ல. 1931 இல் இங்கிலாந்தின் டகனம் நகரில் திறக்கப்பட்ட ஆலையின் பிள்ளைகளான பிரிஃபெக்ட், அங்லியா, கொன்சல் ஆகியவையே அவை. ஒஸ்டினும் மொரிசும் அவற்றின் போட்டியாளர்கள். 1960களில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக்கு ஏறத்தாழ முற்றாகவே கதவடைக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது உள்ளே வந்தது ஜப்பான். நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடு அது. அங்கே சில ஆண்டுகள் ஓடிய கார்கள் "ரீகண்டிஷன்" என்ற பெயரில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின.

அந்தக் கூட்டத்தில் ஃபோர்டும் இருந்தது, வேறொருவர் உடம்போடு. 1979 இல் ஃபோர்ட் கம்பனி மாஸ்டாவின் ஏறத்தாழக் கால் பங்கை வாங்கியது. அதன் பயனாக மாஸ்டா 323 காரைச் சற்று மாற்றி, ஃபோர்ட் லேசர் என்று பெயரிட்டு, ஜப்பானில் ஒட்டோராமா என்ற தனி விற்பனை வலையமைப்பின் மூலம் விற்றார்கள். அதே 323 தான் ஜப்பானியச் சந்தையில் ஃபெமிலியா. இலங்கைக்கு வந்த ஒரு லேசரின் போனட்டைத் திறந்தால் எஞ்சின் மாஸ்டாவுடையது, கியர்பெட்டி மாஸ்டாவுடையது. வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வோட்டர் பம்ப் தேடும் கராஜ்காரர் "லேசருக்கு" என்று கேட்டு அலைவதைவிட "ஃபெமிலியாவுக்கு" என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஃபோர்ட் இலச்சினையோடு இங்கே நீண்ட காலம் தாக்குப்பிடித்த கார் அதுவே என்றால், அதைத் தாங்கிப் பிடித்தது மாஸ்டாவின் சாமான் புழக்கம். கூட நிற்பதன் அருமைக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இனி மூலத்துக்குப் போகலாம். மிச்சிகன் மாநிலத்து விவசாயி மகனான ஹென்றி ஃபோர்ட் 1863 இல் பிறந்தவர். அவருடைய முதல் கார் கம்பனி 1901 இல் மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து முதலீட்டாளரோடு முரண்பட்டு வெளியேறினார், அது பிறகு கெடிலாக் ஆயிற்று. 1903 ஜூன் 16 இல் தொடங்கிய மூன்றாவது முயற்சிதான் இன்றைய ஃபோர்ட். 1908 ஒக்டோபரில் வெளிவந்த மொடல் டீ அதன் தலையெழுத்தை மாற்றியது.

மொடல் டீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வனேடியம் கலந்த உறுதியான உருக்கு, நான்கு சிலிண்டர், உயரமான அடித்தளம். சேறும் பள்ளமுமான பாதையில் போவதற்கென்றே செய்தது. தரையில் மூன்று மிதிகள் இருக்கும். ஒன்று கியருக்கு, ஒன்று பின்னோக்கிப் போவதற்கு, ஒன்று பிரேக்குக்கு. வேகம் கூட்டுவது ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஒரு சிறு நெம்புகோலால். பெற்றோல் தாங்கி பெரும்பாலான வகைகளில் ஆசனத்துக்கு அடியில் இருந்தது, எண்ணெய் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வழிந்தது. பெற்றோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் எட்டாது. ஓட்டுநர்கள் காரைத் திருப்பி, பின்புறமாகவே மலையேறினார்கள்! குறைகள் இப்படி இருந்தும் மக்கள் அதை விரும்பியதற்குக் காரணம், பழுதானால் ஒரு கொல்லனோ விவசாயியோ தானே திருத்திக்கொள்ளலாம் என்பது. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தியது. சாமான் சிறு ஊர்களிலும் கிடைத்தது. இன்றைய கொழும்பு வாங்குநரின் முதல் கேள்விக்கு அன்று ஃபோர்டிடம் பதில் இருந்தது.

1913 இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை வந்தது. ஒரு அடிச்சட்டத்தைத் தொகுக்கப் பன்னிரண்டரை மணித்தியாலம் பிடித்த வேலை 93 நிமிடத்துக்கு இறங்கியது. 850 டொலருக்கு அறிமுகமான கார் 1920களின் நடுவில் 260 டொலருக்கு விற்றது. 1927 இல் உற்பத்தி நிற்கும்வரை 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மொடல் டீக்கள் வெளிவந்தன.

ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களின் நிலை வேறு. ஒரே திருகை நாள் முழுவதும் முறுக்கும் வேலையை வெறுத்து ஆட்கள் அலையலையாக விலகினார்கள். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 1913 இல் மட்டும் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்ட் அறிவித்த நாளொன்றுக்கு ஐந்து டொலர் சம்பளமும் எட்டு மணித்தியால வேலையும் அதற்கான மருந்து. உலகமே வியந்த அறிவிப்பு அது. பழைய கூலி ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்த ஐந்து டொலரில் பாதியளவு இலாபப் பங்கு என்பதும், அதைப் பெற வேலையாள் குடிக்கிறாரா, வீடு சுத்தமா, பணம் சேமிக்கிறாரா என்று கம்பனியின் ஆட்கள் வீட்டுக்கே வந்து சோதித்தார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலையாளைத் தாங்குவதும் அவரை ஆள்வதும் ஃபோர்டுக்கு ஒன்றாகவே இருந்தன.

இந்தக் கதையில் இலங்கைக்கு ஒரு பங்கு உண்டு. கார்களை ஓடவைத்தது இறப்பர். 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடை தாவரவியல் பூங்காவில் அவை நடப்பட்டன. ஹைலண்ட் பார்க்கில் கார்கள் குவியத் தொடங்கிய அதே காலத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சரிவுகள் இறப்பர் தோட்டங்களாயின. விடியுமுன் மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் பால் சேர்த்தவர்களில் பெரும் பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1920களில் உலக இறப்பரில் மிகப் பெரும் பங்கை அமெரிக்காவே நுகர்ந்தது. அமெரிக்க மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தில் இந்தத் தொழிலாளர்களின் பெயர் எங்குமே வருவதில்லை. வர வேண்டும்.

1922 இல் பிரித்தானிய அரசு ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் மலாயா, இலங்கை ஆகியவற்றின் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. அமெரிக்கா கொதித்தது. டயர் கம்பனியான ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் தோட்டம் போட்டது. ஹென்றி ஃபோர்ட் அமேசன் காட்டில் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற ஊரையே 1928 இல் எழுப்பத் தொடங்கினார். அமெரிக்கப் பாணி வீடுகள், மது தடை, ஓட்ஸ் கஞ்சி. 1930 இல் உணவுக்கூடத்தில் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் நோய் தின்றது. அந்த நோய் எட்டாத ஆசியாவில் இதே மரம் செழித்தது. ஹென்றி ஃபோர்ட் அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. 1945 இல் அவருடைய பேரன் அதைப் பிரேசில் அரசிடம் செலவழித்ததில் ஒரு சிறு துளியே ஆன விலைக்குத் திருப்பிக் கொடுத்தார். ஃபோர்ட் பெரிதாக வந்து பாதியில் போன முதல் இடங்களில் இது ஒன்று.

ஹென்றி ஃபோர்டின் தனிப்பட்ட பெயரில் விழுந்த கறை இன்னும் ஆழமானது. அவருடைய செய்தித்தாளான டியர்போர்ன் இண்டிபெண்டன்ட் 1920 முதல் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அவதூறு வழக்கொன்றை அடுத்து 1927 இல் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 1938 இல் நாசி ஜெர்மனி கொடுத்த கழுகுப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். 1937 மே 26 இல் ஃபோர்டின் ரூஜ் ஆலையின் மேம்பாலத்தில் தொழிற்சங்கத் தலைவர் வோல்டர் ரூதரையும் தோழர்களையும் கம்பனியின் அடியாட்கள் தாக்கினார்கள். பத்திரிகைப் புகைப்படங்கள் அதை நாடெங்கும் கொண்டுபோயின. தொழிற்சங்கத்தை ஃபோர்ட் ஏற்றுக்கொள்ள 1941 வரை ஆனது. ஐந்து டொலரின் புகழைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்பவர்கள் இந்த மேம்பாலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போருக்குப் பிந்திய காலத்தை வேகமாகக் கடக்கலாம். 1957 இன் எட்சல் படுதோல்வி கண்டது. 1964 இன் மஸ்டாங் அதை மறக்கடித்தது. அதற்குப் பிறகு வந்த பின்டோதான் ஃபோர்டின் பெயரை நீதிமன்றத்துக்கு இழுத்தது.

1971 மொடலாக வந்த இந்தச் சிறிய காரின் பெற்றோல் தாங்கி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து மோதினால் தாங்கி கிழிந்து தீப்பிடிக்கும் ஆபத்து. ஒரு காருக்கு 11 டொலர் செலவைத் தவிர்ப்பதற்காக, ஓர் உயிருக்கு 2 இலட்சம் டொலர் என்று விலை போட்டுக் கணக்குப் பார்த்தது கம்பனி என்ற செய்தி உலகைச் சுற்றியது. கலிபோர்னிய ஜூரி 1978 இல் 12 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டனைத் தொகை விதித்தது, நீதிபதி அதை 35 இலட்சமாகக் குறைத்தார். அதே ஆண்டு 15 இலட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 1980 இல் இந்தியானா மாநிலத்துக் குற்றவியல் வழக்கில் கம்பனி விடுதலையானது. அந்தக் கணக்குத்தாள் உண்மையில் பின்டோவைப் பற்றியதல்ல, வாகனம் உருளும்போது ஏற்படும் எண்ணெய்க் கசிவு பற்றி அரசுக்குக் கொடுத்த பொதுவான மதிப்பீடு என்பதைச் சட்ட ஆய்வாளர் கெரி ஷ்வார்ட்ஸ் பின்னர் எடுத்துக்காட்டினார். நியாயமான திருத்தம்தான். ஆனாலும் தாங்கியின் குறை கம்பனியின் சோதனைகளிலேயே தெரிந்திருந்தது, விற்பனை நிற்கவில்லை. மக்கள் மனதில் நின்றது அதுவே, நின்றதில் தவறும் இல்லை.

2000 இல் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே உரிந்து, வாகனங்கள் உருண்டன. அமெரிக்காவில் இருநூற்று எழுபதுக்கு மேற்பட்ட மரணங்கள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயர் பிழை என்றது ஃபோர்ட், வாகனத்தின் பிழை என்றது ஃபயர்ஸ்டோன். ஏறத்தாழ நூறு ஆண்டு உறவு 2001 இல் முறிந்தது. அப்போது ஃபோர்டின் தலைவராக இருந்த வில்லியம் கிளே ஃபோர்ட் ஜூனியர், ஃபோர்ட், ஃபயர்ஸ்டோன் ஆகிய இரு குடும்பங்களுக்கும் கொள்ளுப்பேரன்.

அதே மனிதர் 2006 இல் போயிங் கம்பனியிலிருந்து அலன் முலாலியை அழைத்துவந்து பொறுப்பைக் கொடுத்தார். நீல நீள்வட்ட இலச்சினை உட்படக் கம்பனியின் சொத்துகளை அடகு வைத்து 2,300 கோடி டொலருக்கு மேல் கடன் திரட்டினார்கள். 2008 இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாட்டாவுக்கு விற்றார்கள். 2009 இல் ஜெனரல் மோட்டர்சும் கிரைஸ்லரும் வங்குரோத்தாகி அரச பணத்தில் மீண்டன. ஃபோர்ட் அந்த மீட்புப் பணத்தைத் தொடவில்லை. புதிய தொழில்நுட்பத்துக்கென அரசிடம் மலிவுக் கடன் பெற்றது உண்மை. என்றாலும் அமெரிக்க வாங்குநர் மத்தியில் அந்த ஆண்டுகளில் ஃபோர்ட் சம்பாதித்த மதிப்பு அது உழைத்துப் பெற்றதே. அடகு வைத்த இலச்சினையை 2012 இல் மீட்டது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான அத்தியாயம் செங்கல்பட்டுப் பக்கம் நடந்தது.

இந்தியாவில் ஃபோர்ட் முதலில் கால் வைத்தது 1926 இல், கனடா கம்பனியின் கிளையாக. பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய இடங்களில் பாகங்களை இறக்கித் தொகுத்தார்கள். சுதந்திர இந்தியா உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யுங்கள், இல்லையேல் போங்கள் என்றபோது 1950களில் போனார்கள். 1995 இல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தார்கள். சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் எழுந்த ஆலையிலிருந்து 1999 இல் ஐகான் வெளிவந்தது. 2010 இல் ஃபிகோ, 2013 இல் எக்கோஸ்போர்ட். மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. சுற்றுவட்டாரத்தில் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. சென்னையை இந்தியாவின் டெட்ரோயிட் என்று அழைக்கும் பழக்கத்துக்கு இந்த ஆலையும் ஒரு காரணம்.

ஒப்பிடத்தக்க இன்னொரு கம்பனி பக்கத்திலேயே இருந்தது. கொரியாவின் ஹூண்டாய் ஏறத்தாழ அதே நாட்களில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டு, 1998 இல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. இந்திய வீட்டு வரவுசெலவுக்கு அளந்து தைத்தது போன்ற சிறிய கார், இடைவிடாமல் அடுத்தடுத்த மொடல்கள், ஊருக்கு ஊர் சேவை நிலையம். ஃபோர்ட் சிறிய காருக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் எடுத்தது. சென்னை ஆலையே முழுக் கொள்ளளவில் ஓடாதபோது 2015 இல் குஜராத்தின் சனந்தில் நூறு கோடி டொலர் செலவில் இன்னொன்றைத் திறந்தது. 2019 இல் மகிந்திராவோடு மீண்டும் கூட்டு என்று அறிவித்து, 2020 இன் கடைசி நாளில் அதைக் கைவிட்டது. வெளியேறும் நேரத்தில் இந்தியச் சந்தையில் அதன் பங்கு இரண்டு வீதத்துக்கும் கீழே.

2021 செப்டம்பர் 9 இல் அறிவிப்பு வந்தது. பத்தாண்டில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம், இந்தியாவில் இனிக் கார் செய்யப் போவதில்லை. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பனியே சொன்னது. வாகன விற்பனையாளர் கூட்டமைப்பு வேறு கணக்கைச் சொன்னது: 170 விற்பனையாளர்கள், 391 நிலையங்கள், அவற்றில் 40,000 பேர். மறைமலை நகர்த் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு 2022 மே இறுதியில் வேலையை நிறுத்தினார்கள். ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வரிசையிலிருந்து இறங்கியது. சாமானும் சேவையும் தொடரும் என்று கம்பனி உறுதி கூறியது. ஆனால் கார் சந்தை உறுதிமொழியை விலையில்தான் எடைபோடும். நேற்று வரை ஓட்டுவதற்கு உறுதியான கார் என்று புகழ்ந்தவர்களே, வாங்கலாமா என்று கேட்கப்பட்டால் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கம் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் உண்டு. இலங்கையில் ரேஞ்சர் டபிள் கெப் பலமான வாகனம் என்று பெயர் பெற்றது. ஆனால் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தடைப்பட்டிருந்த நாட்டில், ஒரு வாகனத்தை ஐந்து ஆண்டு கூடுதலாக ஓடவைக்கத் தேவையானது சாமான். 2022 இன் பெற்றோல் வரிசைகளைத் தாண்டிய குடும்பங்களுக்கு எரிபொருள் செலவு அடுத்த கவலை. இரண்டிலும் ஜப்பானியக் கார்கள் வென்றன. இறக்குமதி திறந்த பிறகு பிவைடி போன்ற சீன மின்வாகனங்கள் காட்சியறைகளில் நிற்கின்றன. ஃபோர்டின் மின்வாகனப் பிரிவோ 2024 இல் மட்டும் 510 கோடி டொலர் நட்டம் கண்டது. அதன் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி, சீனாவின் சியோமி காரை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததாகவும் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். நேர்மையான பேச்சு, பாராட்ட வேண்டியது.

தரத்திலும் நிலைமை சுகமில்லை. பின்பக்கக் கமரா குறைபாட்டைத் திருத்த வாகனங்களைத் திருப்பி அழைக்கத் தாமதித்ததற்காக 2024 நவம்பரில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தோடு 16 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டத்துக்கு உடன்பட்டது. 2025 இன் முதல் பாதியிலேயே ஃபோர்ட் வெளியிட்ட திருப்பி அழைப்புகள், எந்தக் கம்பனியும் ஒரு முழு ஆண்டில் வெளியிட்ட எண்ணிக்கையைத் தாண்டின. பழைய குறைகளைத் தேடிப் பிடித்துத் திருத்துவதன் விளைவு இது என்கிறது கம்பனி. பின்டோ காலத்தோடு ஒப்பிட்டால் மறைக்காமல் அழைப்பது முன்னேற்றம். முதலிலேயே சரியாகச் செய்வது அதைவிடப் பெரிய முன்னேற்றம்.

இதற்கிடையே மூன்றாவது வருகைக்கு ஏற்பாடு நடக்கிறது. சனந்த் ஆலையை டாட்டா வாங்கிக்கொண்டது. மறைமலை நகர் ஆலையை ஃபோர்ட் விற்கவில்லை. 2024 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தை அடுத்து, அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கும் விருப்பக் கடிதத்தைத் தமிழ்நாடு அரசிடம் கொடுத்தது. 2025 ஒக்டோபர் இறுதியில் ஒப்பந்தம் உறுதியானது: 3,250 கோடி இந்திய ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 600க்கு மேற்பட்ட வேலைகள், உற்பத்தி 2029 இல். முழுக் கார்கள் அல்ல, ஏற்றுமதிக்கான எஞ்சின்கள் மட்டும். எந்த நாடுகளுக்கு, என்ன வகை எஞ்சின் என்பதை உற்பத்தி நெருங்கும்போது சொல்வதாக ஃபோர்ட் அறிவித்திருக்கிறது.